வீட்டில் வண்டி நிறுத்தும் இடத்தின் பாதுகாப்பு: சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் தனியாக கார் ஷெட் இல்லை, போர்ட்டிகோதான் இருக்கிறது. கார் ஷெட்டில் தீ, மின்சாரம், புகை பற்றிச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் எங்களுக்கும் பொருந்துமா?

தனி ஷெட் வைத்திருப்பவர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். மாம்பலத்திலோ பெரம்பூரிலோ கொளத்தூரிலோ அரை கிரவுண்டு மனையில் கட்டிய ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தெருக் கேட்டைத் திறந்ததும் கார் நிற்கும். அதன் பக்கத்தில் இரண்டு ஸ்கூட்டர்கள். அவற்றைத் தாண்டினால் மாடிப்படி. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தரைத்தளத் தூண்களுக்கு நடுவே வண்டிகள் நிற்க, அதே இடத்திலிருந்துதான் படிக்கட்டும் லிஃப்டும் மேலே போகின்றன. நம் ஊரில் வண்டி நிற்கும் இடமும் வீட்டு வாசலும் ஒன்றே. அங்கே நள்ளிரவில் ஒரு வண்டி பற்றிக்கொண்டால், மாடியில் தூங்குகிறவர்கள் இறங்கி ஓட வேண்டிய ஒரே வழியில்தான் நெருப்பு இருக்கும்; புகையோ மாடிப்படிக் கூண்டையே புகைபோக்கியாக்கிக்கொண்டு மேல்தளங்களுக்கு ஏறிவிடும். கீழே உள்ள பதில்கள் அனைத்தும் இதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

மீட்டர் பெட்டிக்குக் கீழே ஸ்கூட்டர் நிறுத்துவது தவறா?

தவறுதான். ஆனால் சென்னையில் பாதி வீடுகளில் மீட்டர் பலகை இருக்கும் சுவர்தான் வண்டி சாய்க்கவும் வசதியான சுவராக இருக்கிறது. மீட்டர் பலகையில் ஏதாவது ஒரு முனை தளர்ந்திருந்தால், மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது சூடு உண்டாகும். ஏ.சி.கள் எல்லாம் ஒன்றாக ஓடும் மே மாத இரவுகளில் இந்தச் சூடு உச்சத்துக்குப் போகும். உருகிய பிளாஸ்டிக்கும் தீப்பொறியும் நேராகக் கீழேதான் விழும். கீழே இருப்பது பெட்ரோல் டேங்க், ரப்பர் குழாய், நுரைப்பஞ்சு சீட். ஒரு வண்டி பற்றினால் ஒட்டி ஒட்டி நிற்கும் மற்ற வண்டிகள் பற்றச் சில நிமிடங்களே போதும்.

மீட்டர் பலகைக்குக் கீழும் முன்னும் குறைந்தது மூன்றடி இடத்தைக் காலியாக விட்டு, தரையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கட்டம் வரைந்துவிடுங்கள். வாயால் சொன்னால் இரண்டு வாரத்தில் மறந்துபோகும். கோடு போட்டால் விருந்தாளிகூட வண்டியை அங்கே வைக்கத் தயங்குவார். பலகையின் பின்புறம் பழைய மரப்பலகையாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஃபியூஸ் கட்டையில் செம்புக் கம்பியை இரண்டு மூன்று இழை சேர்த்து முறுக்கி வைத்திருந்தால், அது ஃபியூஸே அல்ல. பழுது வரும்போது அறுந்து காப்பாற்ற வேண்டிய இடத்தில், அறுந்துவிடக் கூடாது என்று போட்ட கட்டு அது. மீட்டருக்கு முன்னால் உள்ள பகுதியையும் முத்திரையையும் மின்வாரிய ஊழியர் மட்டுமே தொடலாம். பொறி பறந்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். மீட்டருக்குப் பின்னால் உள்ள எம்.சி.பி.யும் (மின்பளு கூடினால் தானே அணையும் சுவிட்ச்) வயரிங்கும் உங்கள் பொறுப்பு; உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை எல்லா முனைகளையும் முடுக்கிவிடச் சொல்லுங்கள்.

மின் ஸ்கூட்டரை இரவு முழுவதும் கீழே சார்ஜில் போட்டு வைக்கலாமா?

இரவு முழுவதும் வேண்டாம் என்பதே என் பதில். நிறுவனம் தந்த சார்ஜர், முறையான வயரிங், நல்ல நிலையிலுள்ள பேட்டரி மூன்றும் இருந்தால் ஆபத்து குறைவுதான். ஆனாலும் எல்லோரும் தூங்கும் நேரத்தில், எல்லோரும் வெளியேற வேண்டிய வழியில் அதைச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டின் முன்பகுதியில் இரவில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்தபோது, உள்ளே இருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல ஊர்களில் நடந்த தீவிபத்துகளுக்குப் பிறகுதான், மத்திய அரசு பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளை 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டங்களாகக் கடுமையாக்கியது. அதற்கு முன்பு வாங்கிய வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை.

வண்டி ஓட்டி வந்த கையோடு சார்ஜில் போடாதீர்கள். பேட்டரி ஆற அரை மணி நேரமாவது கொடுங்கள். மாலை ஏழு மணிக்குச் செருகி, படுக்கப் போகுமுன் கழற்றிவிடுவது பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. மாடியில் இருந்து சன்னல் வழியாகக் கீழே தொங்கவிட்ட வயரில் சார்ஜ் ஏற்றுவதை நம் தெருக்களில் நிறையப் பார்க்கிறேன். அந்த வயர் வெயிலில் வெடித்து, சன்னல் கம்பியில் உரசி, மழையில் நனைகிறது. மீட்டரிலிருந்து சார்ஜிங் முனைக்குத் தனி வயரும் தனி எம்.சி.பி.யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். 16 ஆம்பியர் பாயின்டுக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வேண்டும்; தூரம் அதிகம் என்றால் 4. கார் சார்ஜர் என்றால் கணக்கே வேறு, மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட பளுவையும் உயர்த்த வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வாரமாக போர்ட்டிகோவில் மாலை வேளைகளில் மட்டும் கருவாட்டு வாடை அடித்தது. வீட்டில் கருவாடு வாங்கும் பழக்கமே இல்லை. பூனை எதையோ இழுத்துவந்து போட்டிருக்கும் என்று நினைத்து, தொட்டிகளை எல்லாம் நகர்த்தித் தேடினோம். எட்டாம் நாள் சார்ஜர் பிளக்கைக் கழற்றியபோது அது கைபொறுக்காத சூடாக இருந்தது. வலது துளையைச் சுற்றி வெள்ளை சாக்கெட் தேநீர்க் கறைபோலப் பழுப்பேறி, ஓரம் லேசாக உப்பியிருந்தது. சாக்கெட்டின் உள்ளே செம்புத் தகட்டின் பிடி தளர்ந்து, பின் சரியாகக் கவ்வாமல் சூடேறிக்கொண்டிருந்தது. சாக்கெட்டிலும் சுவிட்சிலும் பயன்படும் சில வகைப் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடை வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. காரணம் தெரியாத மீன் வாடை வந்தால் முதலில் மெயினை அணைத்துவிட்டுப் பிளக்குகளைத் தொட்டுப் பாருங்கள்.

வண்டிக்கென்று பாட்டிலில் இரண்டு லிட்டர் பெட்ரோல் வைத்திருக்கிறோம். ஆபத்தா?

ஆபத்துதான். விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்திருக்க 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம் இடம் கொடுக்கிறது என்பது உண்மை. அந்தச் சட்டமே, அதை இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலத்தில்தான் வைக்க வேண்டும் என்றும், கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. தண்ணீர் பாட்டிலும் எண்ணெய் கேனும் அந்தக் கணக்கில் வரவே வராது. பெட்ரோல், உறைபனிக் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள். சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து, பத்தடி தள்ளியிருக்கும் மோட்டார் சுவிட்சின் பொறியையோ வாசலில் ஏற்றிய அகல் விளக்கையோ தேடிப் போய்ப் பற்றும். பங்க் இல்லாத தெருவே இல்லை என்ற அளவில் இருக்கும் நகரத்தில், வீட்டில் பெட்ரோல் சேமிக்க வேண்டிய தேவை எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை. தண்ணீர் பாட்டிலில் இருப்பதைக் குடிநீர் என்று நினைத்துக் குழந்தைகள் குடித்துவிடும் ஆபத்தும் உண்டு. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தியில் பெட்ரோல் நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய கேடு.

பெயின்ட், தின்னர், வார்னிஷ் டப்பாக்கள்?

வேலை முடிந்ததும் மீதியைப் பெயின்டரிடமே கொடுத்து அனுப்பிவிடுங்கள். அதிகம் பேர் அறியாத ஒன்று: ஆளிவிதை எண்ணெய் கலந்த மரப் பூச்சு தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், யாரும் நெருப்பு வைக்காமலேயே அது தானாகச் சூடேறிப் பற்றக்கூடும். அந்தத் துணிகளை விரித்துத் திறந்த வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

மின்தடையின்போது போர்ட்டிகோவில் ஜெனரேட்டர் ஓட்டலாமா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்த பிறகு நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, வாடகை ஜெனரேட்டர்கள் போர்ட்டிகோக்களில் இரவு பகலாக ஓடின. மழைக்குப் பயந்து அதை உள்ளே தள்ளி வைக்கத் தோன்றுவது இயல்பு. அதில்தான் உயிராபத்து இருக்கிறது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்வதால், தலைவலி, குமட்டல் என்று தொடங்கி, தூக்கத்திலேயே முடிந்துவிடும். போர்ட்டிகோ ஒரு பக்கம் திறந்திருப்பது போதாது; மேலேயுள்ள படுக்கையறை சன்னல் வழியாகப் புகை உள்ளே வரும். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளித் திறந்த வெளியில் வைக்க இடம் இல்லாத வீட்டுக்கு ஜெனரேட்டரே வேண்டாம், இன்வெர்ட்டரோடு சமாளியுங்கள். இதே காரணத்துக்காக, ஷட்டரை மூடிக்கொண்டு கார் இன்ஜினை ஓடவிடுவதும் கூடாது.

இன்வெர்ட்டர் பேட்டரியை கார் ஷெட்டில் வைக்கலாமா?

காற்றோட்டம் இருந்தால் வைக்கலாம். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் வாயுவை விடுகிறது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். ஹைட்ரஜன் மேலே ஏறும், பெட்ரோல் ஆவி கீழே படியும். ஆகவே மூடிய ஷெட்டில் மேலே ஒரு திறப்பும் தரையை ஒட்டி ஒரு திறப்பும் இருக்க வேண்டும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது மெழுகுவத்தியோ தீக்குச்சியோ பிடித்து எட்டிப் பார்க்காதீர்கள். கைபேசி வெளிச்சம் போதும்.

என்ன தீயணைப்பான் வாங்க வேண்டும்? வாளியில் மணல் போதாதா?

மணல் வாளி நல்லதுதான், தரையில் சிந்திய எண்ணெய்க்கு உதவும். வண்டிக்கு ஏ.பி.சி. வகைப் பொடி தீயணைப்பான் ஒன்று, 4 அல்லது 6 கிலோ, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வாங்குங்கள். அதை வண்டிக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டாமல், படிக்கட்டு தொடங்கும் இடத்தில், தீயைத் தாண்டாமலே எடுக்கக்கூடியபடி மாட்டுங்கள். அதன் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். பயன்படுத்தும்போது ஊசியை இழுத்து, குழாயை நெருப்பின் அடிப்பகுதிக்கு நீட்டி, பிடியை அழுத்தி, இடம் வலமாக வீச வேண்டும். சில வினாடிகளில் காலியாகிவிடும். அதற்குள் அணையவில்லை என்றால் விட்டுவிட்டு வெளியேறுங்கள். 101-க்கோ 112-க்கோ அழைத்து, மேல்தளங்களுக்கு மணியடித்துச் சொல்லுங்கள். படிக்கட்டில் ஏற்கெனவே புகை அடர்ந்திருந்தால் மேலே இருப்பவர்கள் அதற்குள் இறங்க முயலாமல், கதவை மூடி, இடுக்கில் ஈரத்துணி அடைத்து, தெருப் பக்கத்து பால்கனிக்குப் போக வேண்டும்.

லித்தியம் பேட்டரி எரியும்போது பொடி போதாது. வெளிநெருப்பு அடங்கினாலும் உள்ளே சூடு பெருகி மீண்டும் பற்றும். நிறைய தண்ணீர் விட்டுக் குளிர்விப்பதுதான் வழி. அதைத் தீயணைப்புத் துறையினர் செய்யட்டும். அந்தப் புகை நஞ்சு.

போர்ட்டிகோவுக்குக் கீழே சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறது. அதன் மேல் கார் ஏறினால் பரவாயில்லையா?

மூடியைப் பொறுத்தது. குடிநீர் வாரியத் தண்ணீருக்கும் லாரித் தண்ணீருக்கும் சம்ப் இல்லாமல் இந்த ஊரில் பிழைக்க முடியாது. சிறு மனைகளில் அதற்கு இருக்கும் ஒரே இடம் போர்ட்டிகோவின் அடிதான். மூடியில் எல்.டி. 2.5 என்று பொறித்திருந்தால் அது ஆள் நடமாட்டத்துக்கானது. கார் சக்கரம் ஏறும் இடத்தில் குறைந்தது எம்.டி. 10 வகை வேண்டும். எண்ணில் உள்ளது டன் கணக்கு. துருப்பிடித்த தகர மூடியும், விரிசல் விட்ட கடப்பைக்கல்லும் எந்த நாளிலும் உடையலாம். சக்கரம் மூடியின் மேல் படாதபடி தரையில் கோடு போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

மூடியைப் பூட்டக்கூடியதாக வையுங்கள். லாரிக்காரர் தண்ணீர் இறக்கிவிட்டுப் போன பிறகு மூடியைப் பாதி சரித்து வைத்துவிட்டு உள்ளே போகும் பத்து நிமிடம்தான் குழந்தைகளுக்கு எமன். சுத்தம் செய்ய இறங்குவதற்கு முன் எல்லா மூடிகளையும் நீண்ட நேரம் திறந்து வைத்து, மின்விசிறியால் காற்றடித்து, மேலே ஒருவர் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் மற்றவர் குதிக்கக் கூடாது, இடுப்பில் கட்டிய கயிற்றால் இழுக்க வேண்டும். இன்ஜின் ஆயிலும் பெட்ரோலும் வடிந்து சம்புக்குள் இறங்காதபடி மூடியைச் சுற்றி இரண்டு அங்குல மேடு கட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்லைடிங் கேட்டும் ரோலிங் ஷட்டரும் ஆபத்தானவையா?

பராமரிக்காவிட்டால் ஆபத்தானவை. தண்டவாளத்திலிருந்து கழன்ற இரும்புக் கேட் குழந்தையின் மேல் சாய்ந்த செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. கேட் எவ்வளவு தள்ளினாலும் கடைசியில் முட்டி நிற்கும்படி தண்டவாளத்தின் இரு முனையிலும் தடுப்பு இருக்கிறதா, மேலே கேட்டைச் சாயவிடாமல் பிடிக்கும் உருளையும் அதன் தூணும் ஆடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேட்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் கடகடவென்று ஆடுகிறது என்றால், அன்றே வெல்டரைக் கூப்பிடுங்கள், அதுவரை குழந்தைகளை அண்டவிடாதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று தூணின் அடியைத்தான் முதலில் தின்னும். பெயின்ட் மேலே பளபளப்பாக இருக்க, தரையை ஒட்டிய அங்குலம் பொடியாகிக்கொண்டிருக்கும். சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தால் ஓசையிலேயே தெரிந்துவிடும். குழந்தைகள் கேட்டில் தொற்றிக்கொண்டு சவாரி போவதை விளையாட்டு என்று விடாதீர்கள்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வேறென்ன கவனிக்க வேண்டும்?

கார் வீட்டுக்குள்தானே நிற்கிறது என்று பூட்டாமல் விடாதீர்கள். கண்ணாமூச்சி ஆடும் குழந்தை பின் சீட்டில் போய் ஒளிந்துகொண்டு, சைல்ட் லாக் விழுந்திருப்பதால் உள்ளிருந்து திறக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். வெயிலில் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். குழந்தையைக் காணவில்லை என்றால் தெருவில் ஓடுவதற்கு முன் காரையும் டிக்கியையும் சம்பையும் பாருங்கள். காரைப் பின்னால் எடுக்கும்போது குழந்தை எங்கே என்று கேட்டால் போதாது, யாருடைய இடுப்பிலாவது இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கியர் போடுங்கள். அப்பா கிளம்புகிறார் என்று டாட்டா காட்ட ஓடிவரும் பிள்ளை, பின் கண்ணாடியில் தெரியாத உயரத்தில்தான் இருக்கும்.

மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால்?

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். பலர் வேடிக்கை பார்த்தாலும், ஒரு முறை காரை இழந்தவர்களுடைய அச்சம் அதில் இருந்தது. உங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் வரும் என்றால், அக்டோபர் மாதத்திலேயே மேடான இடத்தில் உறவினர் வீட்டையோ வாகன நிறுத்தத்தையோ பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காரைவிட முக்கியம் மின்சாரம். போர்ட்டிகோவிலுள்ள மோட்டார் சுவிட்ச், சார்ஜிங் முனை, கேட் விளக்கின் இணைப்பு எல்லாவற்றையும் 2015-இல் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு மேலே, குறைந்தது ஐந்தடி உயரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் வாசலுக்கு வருவதற்குள் மெயினை அணைத்துவிடுங்கள். வந்த பிறகு, தண்ணீரில் நின்றபடி மெயினைத் தொடாதீர்கள். மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு மேலேயே இருங்கள். ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்தி அது விழுகிறதா என்று பார்ப்பது மழைக்காலத்தில் உயிர் காக்கும் வேலை.

வடிந்த பிறகு, சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அழுந்தாது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். இன்ஜினுக்கான தனிப் பாதுகாப்பு எடுக்காத பாலிசியில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். மூழ்கிய மின் ஸ்கூட்டரைச் சார்ஜில் போடாதீர்கள். அதைக் கூரைக்கு வெளியே, வீட்டிலிருந்து தள்ளி நிறுத்தி, சர்வீஸ் ஆட்களை அழையுங்கள். பேட்டரிக்குள் புகுந்த நீர் சில நாள் கழித்தும் தீயை உண்டாக்கலாம்.

எலி, பூனை, பாம்பு?

எலி ஒயரைக் கடிப்பது செலவு மட்டுமல்ல. பெட்ரோல் குழாயைக் கடித்தால் அது தீவிபத்து. கிளம்பும்போது பெட்ரோல் வாடை வந்தாலோ தரையில் ஈரம் தெரிந்தாலோ ஸ்டார்ட் செய்யாமல் பானெட்டைத் திறந்து பாருங்கள். எலி வருவது உங்கள் குப்பைக் கூடைக்கும் அரிசி மூட்டைக்கும்தான். அவற்றை அப்புறப்படுத்துவது எந்த மருந்தையும்விடப் பலன் தரும். மழை நாள்களில் பூனைக்குட்டிகள் இன்ஜின் சூட்டுக்காக உள்ளே ஏறிப் படுக்கும் என்பதால், கிளம்புமுன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.

எலி உள்ள இடத்துக்குப் பாம்பு வரும். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர்ப் பக்கம் மழை முடிந்ததும் ஷூ ரேக்கையும் ஹெல்மெட்டையும் உதறிப் பார்க்காமல் தொடாதீர்கள். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல், தூர நின்று அது போன இடத்தைக் கவனித்துக்கொண்டே 101-க்கு அழைத்தால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறி விடுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, அரசு பொது மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான். அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் நம் பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. எந்தப் பாம்பு என்று தெரிந்துகொள்ள அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

திருட்டுக்குப் பயந்து கிரில் கேட்டை இரவில் பூட்டுகிறோம். சரிதானே?

பூட்டுங்கள். ஆனால் சாவி எங்கே இருக்கிறது? முதல் மாடி வீட்டுக்காரரின் பூஜை அறையில் என்றால், இரண்டாம் மாடியில் இருப்பவர் தீ வரும்போது எதைத் திறப்பார்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாற்றுச் சாவி, உள்பக்கக் கதவருகே ஆணியில் தொங்க வேண்டும். தெருவிலிருந்து கைவிட்டு எடுக்கும் தூரத்தில் மட்டும் கூடாது. துளசி மாடத்துக்கு அடியில் சாவி வைப்பது திருடனுக்கும் தெரிந்த ரகசியம்.

பைக்கின் ஹேண்டில் லாக் மட்டும் போதாது. தூணிலோ தரையிலோ ஒரு இரும்பு வளையம் பதித்து, சங்கிலியால் பின்சக்கரத்தோடு பிணையுங்கள். ஆர்.சி. அசலைக் காரில் வைக்காதீர்கள், டிஜிலாக்கரில் இருப்பதே செல்லும். கார் திருட்டுக்கு இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் இரண்டு அசல் சாவிகளையும் கேட்கும். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்கும், கேட்டையும் தெருவையும் பார்க்கும் ஒரு கேமராவும் நல்ல செலவு. ஊருக்குப் போகும்போது உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வருபவர்கள் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள்.

தீபாவளிக்கும் போகிக்கும் ஏதாவது சிறப்பாகச் செய்ய வேண்டுமா?

கார் கவரை அன்று கழற்றிவிடுங்கள். வழிதவறிய ராக்கெட் வெறும் தகரத்தில் பட்டால் அணைந்துபோகும், துணிக் கவரில் பட்டால் நின்று எரியும். மழை வந்தாலும் பிள்ளைகளைப் போர்ட்டிகோவுக்குள் மத்தாப்பு கொளுத்த விடாதீர்கள். போகியன்று விடியலில் வாசலில் எதையும் எரிக்காமல், பழையதைக் காயலான் கடைக்குப் போடுங்கள். டயரும் பிளாஸ்டிக்கும் எரித்த புகையை அன்று காலை இந்த நகரமே சுவாசிக்கிறது.

எங்கள் குடியிருப்பில் படிக்கட்டின் அடியெல்லாம் பழைய கட்டில், சைக்கிள், செய்தித்தாள் கட்டு. சொன்னால் யாரும் கேட்பதில்லை. என்ன செய்வது?

சுற்றறிக்கை ஒட்டிப் பயனில்லை, மனத்தாங்கல்தான் வரும். எங்கள் குடியிருப்பில் செய்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பொது விளக்குகளை அணைத்தோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர், கைபேசி வெளிச்சம் இல்லாமல், கைப்பிடியைத் தொட்டபடி மேல் மாடியிலிருந்து தெருவுக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பகலில் ஒரு நிமிடத்தில் இறங்கும் வழிக்கு ஏழு நிமிடம் ஆனது. இரண்டாம் மாடி மாமிக்கு மாற்றி நிறுத்திய ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி தோளில் இடித்தது. ஒருவர் கட்டில் காலில் தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கிரில் கேட்டின் பூட்டைக் கடைசிவரை யாராலும் இருட்டில் திறக்க முடியவில்லை. கட்டிலுக்குச் சொந்தக்காரர் மறுநாள் காலை காயலான் கடைக்காரரை அவரே கூப்பிட்டார். பூட்டை, உள்பக்கம் சாவியில்லாமல் திறக்கும் வகைக்கு அந்த வாரமே மாற்றினோம். இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, வெயில் தொடங்குமுன் ஒன்று, மழை தொடங்குமுன் ஒன்று என்று நடத்துகிறோம். சென்ற முறை மூன்று நிமிடத்துக்குள் எல்லோரும் தெருவில் நின்றோம்.